கல்லைத் தொடாத முதல் நாள்

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தின் கிழக்குப் பகுதியில், சோள வயல்களுக்கு நடுவே, சாலையிலிருந்து கால் மைல் உள்ளே தள்ளி ஒரு மேடு இருக்கிறது. நான்கு பழைய செடார் மரங்களும் கம்பி வேலியின் மிச்சமும் நிற்பதால், தொலைவிலிருந்து பார்க்கும்போதே அது வயலோடு சேராத இடம் என்று தெரிந்துவிடும். 1840களிலும் 1850களிலும் இங்கு வந்து புல்வெளியை உழுது நிலமாக்கிய குடும்பங்கள் தங்கள் இறந்தவர்களை அந்த மேட்டில் புதைத்தார்கள். நாங்கள் முதன்முதலில் எண்ணியபோது நின்றுகொண்டிருந்த கற்கள் 22. இன்று எங்கள் வரைபடத்தில் 61 கல்லறைகள் இருக்கின்றன. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில், அந்தக் கற்களைச் செப்பனிட வருகிற மனிதர்களை எப்படி ஒருங்கிணைப்பது என்பதைப் பற்றி நான் கற்றுக்கொண்டதை எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

இத்தகைய இடங்களை இங்கே முன்னோடிகளின் கல்லறைத் தோட்டம் என்கிறார்கள். ஐயோவா சட்டத்தில் இதற்குத் தெளிவான வரையறை உண்டு: கடந்த 50 ஆண்டுகளில் 12 அல்லது அதற்கும் குறைவான அடக்கங்களே நடந்த கல்லறைத் தோட்டம் இந்த வகையில் சேரும். இவற்றைக் கவனித்துக்கொள்ள ஒரு கவுண்டி, அதாவது மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு, விரும்பினால் தனி ஆணையம் அமைத்துக்கொள்ளலாம். அமைக்காத இடங்களில் பெரும்பாலும் கவுண்டிக்குள் அடங்கிய டவுன்ஷிப் என்ற சிறு பிரிவின் பொறுப்பாளர்களின் தலையில் விழுகிறது. அவர்களிடம் பணமும் ஆட்களும் குறைவு. புறக்கணிப்புக்கு யாரையும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பிள்ளைகள் கான்சாசுக்கும் நெப்ராஸ்காவுக்கும் அதற்கு மேற்கேயும் நிலம் தேடிப் போனார்கள். ரயில் பாதை வேறு வழியாகப் போனதால் ஊர் இடம் மாறியது. கல்லறைக்குப் பக்கத்தில் இருந்த சிறு தேவாலயம் மூடப்பட்டது. பத்துப் பண்ணைகள் ஒரே பண்ணையாயின. புல்லை வெட்டுவதற்கு இருந்த கடைசிக் கிழவரும் போன பிறகு, முட்செடியும் ஹனிசக்கிள் புதரும் பத்தே ஆண்டுகளில் எல்லாவற்றையும் மூடிவிட்டன.

எங்கள் முதல் முயற்சியை நான் மறைக்க விரும்பவில்லை. போரில் இறந்தவர்களை நினைவுகூரும் மெமோரியல் டே, மே மாதத்தின் கடைசித் திங்களன்று வருகிறது. அதற்கு முந்தைய சனிக்கிழமை, நான் விடுத்த அழைப்பை ஏற்று 40 பேர் வந்தார்கள். அத்தனை பேர் வந்ததே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. யாருக்கு என்ன வேலை என்று நான் பிரித்துக் கொடுக்கவில்லை. கையில் எடுத்து வந்ததைக் கொண்டு அவரவர் இறங்கினார்கள். சிலரிடம் பிளீச் கலந்த வாளி இருந்தது, சிலரிடம் கம்பிப் பிரஷ் இருந்தது. நைலான் நூல் சுழலும் புல்வெட்டியைக் கல்லின் அடியோடு ஒட்டி ஓட்டினார்கள். சாய்ந்திருந்த மூன்று கற்களை நாலைந்து இளைஞர்கள் சேர்ந்து தள்ளி நிமிர்த்தினார்கள். அதில் ஒன்று இடுப்பளவில் இரண்டாக முறிந்தது. மாலையில் எல்லாக் கற்களும் வெள்ளை வெளேரென்று நின்றன. படம் எடுத்தோம், கைகுலுக்கினோம், கலைந்தோம்.

மறு ஆண்டு வசந்தத்தில் போய்ப் பார்த்தபோதுதான் என்ன செய்திருக்கிறோம் என்பது புரிந்தது. கம்பிப் பிரஷ் பட்ட சலவைக்கற்களின் முகத்தை விரலால் தடவினால் சர்க்கரை போலத் துகள் ஒட்டியது. சலவைக்கல் என்பது கால்சியம் கார்பனேட். ஒன்றரை நூற்றாண்டு மழையில், அதுவும் நிலக்கரிப் புகையின் அமிலம் கலந்த மழையில், அதன் மேற்பரப்பு ஏற்கெனவே கரைந்து பலவீனமாகியிருக்கும். எஞ்சியிருந்த மெல்லிய தோலைத்தான் நாங்கள் சுரண்டி எடுத்திருந்தோம். பிளீச்சில் உள்ள சோடியம் ஹைப்போகுளோரைட் கல்லின் நுண்துளைகளுக்குள் உப்பை விட்டுச் செல்கிறது. ஈரமும் வெயிலும் மாறி மாறி வரும்போது அந்த உப்பு படிகமாக விரிந்து கல்லை உள்ளிருந்தே உதிர்க்கிறது. நூறு ஆண்டுகளுக்கு மேல் பாசியும் புல்லும் மூடிக் கிடந்தபோது படிக்க முடிந்த ஒரு குழந்தையின் பெயர், எங்கள் ஒரு நாள் அன்புக்குப் பிறகு படிக்க முடியாமல் போயிற்று. அந்தப் பெயரை அதற்கு முன் யாரும் எழுதி வைத்திருக்கவும் இல்லை. நான் ஏற்பாடு செய்த வேலை அது, பொறுப்பும் என்னுடையதுதான்.

அதனால் இப்போது எங்கள் குழுவில் ஒரு வழக்கம் இருக்கிறது. புதிய கல்லறைத் தோட்டம் ஒன்றில் கால் வைக்கும்போது, முதல் நாள் யாரும் எந்தக் கல்லையும் தொடுவதில்லை. வாளி, பிரஷ், மண்வெட்டி எதுவும் வண்டியிலிருந்து இறங்குவதில்லை. வந்தவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஒரு சனிக்கிழமையை ஒதுக்கிக்கொண்டு உழைக்க வந்தவரிடம் நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தால் முகம் சுருங்கத்தான் செய்யும். ஆனாலும் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

முதல் நாளுக்கு முன்பே செய்ய வேண்டியது அனுமதி. கல்லறைத் தோட்டம் யாருடைய பொறுப்பில் இருக்கிறது, அதைச் சுற்றியுள்ள நிலம் யாருடையது, அங்கு போகும் வண்டித் தடம் யாருடைய வயல் வழியாகச் செல்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் வெவ்வேறு விடைகள் இருக்கலாம். கவுண்டி அலுவலகத்தின் நிலப்பதிவேட்டில் முதல் இரண்டும் கிடைக்கும். மூன்றாவதை அந்த விவசாயியின் வீட்டு வாசலில் நின்று கேட்பதுதான் முறை. அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்கிறோம். விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையில் அவருக்கு எந்த வாரம் ஒத்துவரும் என்று அவரிடமே கேட்டுத்தான் நாள் குறிக்கிறோம். எங்கள் மேட்டுக்குப் பக்கத்து நிலத்தின் உரிமையாளர் எழுபது வயதைக் கடந்தவர். தம் தகப்பனார் உழும்போது கலப்பையில் மாட்டிய இரண்டு கற்களை வேலியோரம் சாத்தி வைத்திருந்ததாகவும், அவை எந்த மூலையிலிருந்து வந்தவை என்று தமக்கு நினைவிருப்பதாகவும் அவர் சொன்னார். அனுமதி கேட்கப் போகாமல் இருந்திருந்தால் அந்தத் தகவல் அவரோடே போயிருக்கும்.

பிறகு பதிவு. ஒரு செடார் மரத்தையோ வேலி மூலைக் கல்லையோ நிலையான புள்ளியாக வைத்துக்கொண்டு, அளவுநாடாவால் ஒவ்வொரு கல்லின் இடத்தையும் அளந்து வரைபடத்தில் எண்ணிடுகிறோம். நிற்பது, சாய்ந்தது, முறிந்தது, விழுந்தது, பீடம் மட்டும் இருப்பது என நிலையைக் குறிக்கிறோம். முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் படம் எடுக்கிறோம். பெரும்பாலான பழைய கல்லறைகள் கிழக்கு மேற்காக, கால் கிழக்கே இருக்கும்படி அமைந்தவை; இந்த ஒழுங்கு தெரிந்தால், நீள்சதுரமாகப் பள்ளம் விழுந்திருக்கும் இடங்களைக் கல் இல்லாவிட்டாலும் அடையாளம் காணலாம். சுற்றிலும் புல் மட்டும் இருக்கும் இடத்தில் வின்கா கொடியோ ஐரிஸ் கிழங்கோ யூக்காவோ பியோனியோ தனியே தழைத்திருந்தால், அங்கே யாரோ ஒருவர் யாரோ ஒருவருக்காக நட்டது என்று பொருள். அதைக் களை என்று பிடுங்கிவிடக் கூடாது.

எழுத்தைப் படிக்க மாவு, சுண்ணக்கட்டி, சவர நுரை எதையும் தேய்க்க வேண்டியதில்லை. காகிதத்தை வைத்துத் தேய்த்துப் படி எடுப்பதும் உதிரும் கல்லுக்குக் கேடுதான். ஒரு நிலைக்கண்ணாடி போதும். வெயிலைக் கண்ணாடியில் வாங்கி, கல்லின் முகத்தில் பக்கவாட்டாக ஓடும்படி திருப்பினால், பள்ளங்களில் நிழல் விழுந்து, ஒன்றுமே இல்லை என்று நினைத்த இடத்தில் வரிகள் எழும்பி வரும். இந்த வேலையைப் பிள்ளைகளிடமும் குனிந்து நிமிர முடியாத பெரியவர்களிடமும் கொடுக்கிறேன். எங்களோடு வரும் தமிழ்க் குடும்பம் ஒன்றின் பையன், பத்து வயது இருக்கும், கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு எழுத்தெழுத்தாக வாசித்தவன் திடீரென்று நிறுத்தி, "மாமா, இதில் பிறந்த தேதியே இல்லையே?" என்று கேட்டான். 19ஆம் நூற்றாண்டுக் கற்களில் அது வழக்கம்தான்: இறந்த நாளும், வாழ்ந்த காலம் 3 ஆண்டு 2 மாதம் 11 நாள் என்பது போன்ற கணக்கும் மட்டும் இருக்கும், பிறந்த நாளை நாம்தான் கழித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். அவன் அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டான். குழந்தைகளின் கற்களில் ஆட்டுக்குட்டி செதுக்கியிருப்பதும், அத்தகைய கற்கள் ஒரே வரிசையில் மூன்று நான்கு இருப்பதும், அவை சில வார இடைவெளியில் இறந்த உடன்பிறப்புகளாக இருப்பதும் இந்த மேடுகளில் அரிதல்ல. தொண்டை அடைப்பான், செம்புள்ளிக் காய்ச்சல், 1849 முதல் சில ஆண்டுகள் மிசிசிப்பிக் கரையெங்கும் பரவிய காலரா ஆகியவை அப்படித்தான் வீடுகளைக் காலி செய்தன.

கல்லில் பாதி தேய்ந்த பெயருக்கு மீதி எங்கே கிடைக்கும் என்பதும் முதல் நாள் வேலையின் தொடர்ச்சியே. 1850, 1860, 1870, 1880 ஆகிய ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு, இறந்தவர்களுக்கென்று தனி அட்டவணையும் எடுத்தார்கள். பெயர், வயது, இறந்த மாதம், நோய் எல்லாம் அதில் உண்டு. ஆனால் அது கணக்கெடுப்புக்கு முந்தைய ஜூன் 1 வரையிலான 12 மாதங்களை மட்டுமே உள்ளடக்கும். 1850 ஜூலையில் போன குழந்தைக்கு எந்த அட்டவணையிலும் இடமில்லை. அந்தக் கல் ஒன்றே சான்று. 1930களில் மத்திய அரசின் வேலைவாய்ப்புத் திட்டத்தின் கீழ் ஐயோவாவின் கல்லறைகளைக் கவுண்டி கவுண்டியாகச் சுற்றிப் பெயர்களை எழுதிவைத்தார்கள். அந்தப் பட்டியலில் இருந்து இன்று தரையில் இல்லாத பெயர்களைத் தனியே எடுத்து வைத்துக்கொள்கிறோம். மண்ணுக்குள் தேட வேண்டியவர்கள் அவர்கள்தான். இந்தப் பட்டியல் வேலையை வீட்டிலிருந்தே செய்யக்கூடியவர்கள் பலர் இருக்கிறார்கள்; மேட்டுக்கு ஒரு முறைகூட வராத இரு பெண்கள்தான் எங்கள் குழுவின் மிக முக்கியமான உறுப்பினர்கள் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

ஆட்களின் எண்ணிக்கையைப் பற்றி. 40 பேர் வருவது வெற்றி என்று ஒரு காலத்தில் நினைத்தேன். இப்போது 12 பேருக்கு மேல் ஒரு நாளைக்கு அழைப்பதில்லை. பயிற்சி பெற்ற ஒருவருக்கு நான்கு பேர் என்பது எங்கள் அளவு. அந்த ஒருவர் கையில் பிரஷ் பிடிக்கக் கூடாது, மற்ற நால்வரின் கைகளைப் பார்ப்பதே அவர் வேலை. தேவாலயக் குழு, சாரணர், கல்லூரி மாணவர் என்று பெரிய கூட்டமாக வர விரும்பினால், அவர்களுக்கு எல்லைப் புதர் வெட்டுவது, வெட்டிய கிளைகளை இழுத்துச் செல்வது, தண்ணீர் சுமப்பது ஆகிய வேலைகளைத் தனி நாளில் வைத்துக்கொள்கிறோம். தண்ணீர் சுமப்பது சிறிய வேலை என்று யாரும் எண்ண வேண்டாம். மேட்டில் குழாய் கிடையாது. ஒரு கல்லைச் சரியாகக் கழுவப் பல வாளி தண்ணீர் பிடிக்கும்.

கழுவும் முறையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் கல்லைத் தட்டிப் பார்க்க வேண்டும். விரல் முட்டியால் மெல்லத் தட்டும்போது உள்ளே பொள்ளலான ஓசை வந்தாலோ, விரலில் துகள் ஒட்டினாலோ, மணற்கல் ஏடு ஏடாகப் பிரிந்திருந்தாலோ, அந்தக் கல்லைக் கழுவாமல் விட்டுவிட வேண்டும். உறுதியான கல் என்றால், நல்ல தண்ணீரால் முழுக்க நனைத்து, கீழிருந்து மேலாகக் கழுவ வேண்டும். மேலிருந்து தொடங்கினால் அழுக்கு நீர் காய்ந்த பரப்பில் கோடாக இறங்கிக் கறையாகிவிடும். மென்மையான நைலான் அல்லது இயற்கை நார்ப் பிரஷ். பாசியைப் பெயர்க்க மரச் சீவல் அல்லது பிளாஸ்டிக் தகடு. உலோகம் எதுவும் கல்லில் படக் கூடாது. அழுத்தத்தில் நீரைப் பீய்ச்சும் இயந்திரமும் கூடாது. தண்ணீர் மட்டும் போதாத இடத்தில் டி-2 என்ற உயிரியக் கரைசலைத் தெளித்து, 10 அல்லது 15 நிமிடம் விட்டு, மெல்லத் தேய்த்து அலசுகிறோம். அமிலமோ பிளீச்சோ இல்லாத இந்தக் கரைசலை நாட்டின் ராணுவக் கல்லறைகளிலும் பயன்படுத்துகிறார்கள். அன்றே கல் வெளுத்துவிடாது. அடுத்த பல வாரங்கள் வெயிலிலும் மழையிலும் தானாகவே நிறம் தெளியும். லூசியானா மாநிலத்தின் நாகடோஷ் ஊரில், தேசியப் பூங்காத் துறையின் கீழ் இயங்கும் பாதுகாப்புத் தொழில்நுட்ப மையம் இந்தக் கரைசல்களை ஒப்பிட்டு ஆராய்ந்து, தன்னார்வலர்களுக்கான பயிற்சிகளையும் நடத்தியிருக்கிறது. இரவில் உறைநிலைக்கு இறங்கும் பருவத்தில் நாங்கள் கல்லை நனைப்பதே இல்லை, துளைகளில் தங்கும் நீர் பனியானால் கல் வெடிக்கும்.

நம் நடுகல் மரபில், தேர்ந்தெடுத்த கல்லை நீராட்டும் நீர்ப்படை என்றொரு நிலை உண்டு. கல்லைக் காண்பதற்கும் நடுவதற்கும் இடையே வருவது அது. காய்ந்த கல்லை முதன்முதலில் தண்ணீர் ஊற்றி நனைக்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சொல் என் நினைவுக்கு வருகிறது. யாருடைய கல் என்று தெரியாமலே நீர் வார்க்கிறோம் என்பது மட்டும்தான் வேறுபாடு.

நிமிர்த்துவதும் ஒட்டுவதும் மிகக் குறைவானவர்கள் செய்ய வேண்டிய வேலை. 5 சென்டிமீட்டர் தடிப்பும் அரை மீட்டர் அகலமும் 1.2 மீட்டர் உயரமும் உள்ள ஒரு சலவைப் பலகைக் கல் 80 கிலோ எடை இருக்கும். ஒல்லியாகத் தெரிவதால் இரண்டு பேர் தூக்கிவிடலாம் என்று தோன்றும். முறிவது அங்கேதான், கல்லோ முதுகோ. ஐயோவாவில் குளிர்காலத்தில் நிலம் மூன்றடிக்கு மேலும் உறையக்கூடும். மண் உறைந்து பொங்குவதும் இளகி அமிழ்வதுமாக நூற்றைம்பது முறை நடந்த பிறகு எந்தக் கல்தான் நேராக நிற்கும்? ஆகவே நீர் வடியும்படி சரளைக்கல்லை இட்டு இடித்து, அதன் மேல் கல்லை நிறுத்தி, சுற்றிலும் மறுபடி சரளையும் மண்ணும் இட்டுக் கெட்டிக்கிறோம். பீடத்தின் பள்ளத்தில் செருகி நின்ற கல் என்றால் சுண்ணாம்புச் சாந்துதான். சிமென்ட் கல்லைவிடக் கடினமானது, விரிந்து சுருங்க இடம் தராமல் கல்லையே உடைத்துவிடும். முந்தைய தலைமுறைத் தொண்டர்கள் நல்லெண்ணத்தோடு சிமென்டில் புதைத்த கற்களைத்தான் இன்று நாங்கள் பெரும்பாடுபட்டு விடுவிக்கிறோம். முறிந்த துண்டுகளை ஒட்டுவதற்குக் கல்லுக்கென்றே தயாரிக்கப்பட்ட பிசின் உண்டு. அதை எங்கள் குழுவில் இருவர் மட்டுமே தொடலாம்.

மண்ணுக்குள் கிடப்பதைத் தேடுவதற்கு மழுங்கிய முனையுள்ள மெல்லிய இரும்புக் கம்பியை ஓரடி இடைவெளியில் மெதுவாக இறக்குகிறோம். வேரில் பட்டால் மந்தமாக நிற்கும், கல்லில் பட்டால் கையில் கணீரென்று அதிரும். ஓரிரு அங்குலப் புல்தரைக்கு அடியில் முழுப் பலகைகள் முகம் கவிழ்ந்து கிடந்திருக்கின்றன. மண் மூடியதால் காற்றும் மழையும் படாமல், உளியின் தடம்கூட மாறாமல் அவற்றின் எழுத்துகள் இருந்தன. ஆறங்குலத்துக்குக் கீழே நாங்கள் தோண்டுவதில்லை. எலும்பு தென்பட்டால் அந்தக் கணமே வேலையை நிறுத்திவிட்டு அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். ஐயோவாவில் 150 ஆண்டுகளுக்கு மேற்பட்ட மனித எச்சங்கள் மாநிலத் தொல்லியலாளர் அலுவலகத்தின் பொறுப்பில் வருகின்றன. ஒவ்வொரு காலையும் வேலை தொடங்குமுன் இதை நான் திரும்பச் சொல்கிறேன், பத்து முறை கேட்டவர்கள் இருந்தாலும்.

எங்கள் குழுவுக்குள் மிக நீண்ட வாக்குவாதம் கற்களைப் பற்றியதல்ல, புல்லைப் பற்றியது. ஒரு காலத்தில் ஐயோவாவின் பெரும்பகுதி உயர்ந்த புல்வெளியாக இருந்தது. இன்று அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. உழப்படாமல் தப்பிய துண்டு நிலங்களில் ரயில் பாதை ஓரங்களும் இந்தக் கல்லறைத் தோட்டங்களும் முக்கியமானவை. சீடர் கவுண்டியில் உள்ள ரோச்செஸ்டர் கல்லறைத் தோட்டம், ஏறத்தாழ 13 ஏக்கர், பழைய ஓக் மரங்களுக்கும் மே மாதத்தில் பூக்கும் ஷூட்டிங் ஸ்டார் மலர்களுக்கும் பெயர்பெற்றது. அங்கே புல்லை எப்போது வெட்டுவது என்பது பல ஆண்டு விவாதம். எங்கள் மேட்டின் வடக்குச் சரிவிலும் பிக் புளூஸ்டெம் புல்லும் காம்பஸ் செடிகளும் இருந்தன. புதைந்தவர்களின் வழிவந்த ஒரு குடும்பம், தம் முன்னோர் களைக்காட்டில் கிடப்பதாக வருந்தி, எல்லாவற்றையும் ஒட்ட வெட்டி வைக்க வேண்டும் என்றது. தாவரங்களை அறிந்த தொண்டர் ஒருவர், கத்தியே படக் கூடாது என்றார். இருவரின் வருத்தமும் உண்மையானது. முடிவில், கற்களைச் சுற்றி நடக்கவும் படிக்கவும் வசதியாகப் பாதைகள் வெட்டுவது, வடக்குச் சரிவை விதை முதிர்ந்த பிறகு மட்டும் வெட்டுவது என்று ஒப்புக்கொண்டோம். அந்தக் குடும்பத்தின் பாட்டி ஒருவரை ஜூலையில் அழைத்துவந்து மஞ்சள் பூக்களுக்கு நடுவே நிறுத்தி, உங்கள் கொள்ளுப்பாட்டி வண்டியிலிருந்து இறங்கியபோது பார்த்த நிலம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று சொன்னபோது அவர் நெடுநேரம் பேசாமல் நின்றார். கூட்டத்தில் வாதிட்டுத் தீர்த்திருக்க முடியாத விஷயம் அது.

அயல் செடிகளில் ஹனிசக்கிள், பக்தார்ன், பூண்டுக் கடுகு ஆகியவற்றுக்கு இரக்கம் காட்டுவதில்லை. ஆனால் எதையும் வேரோடு பிடுங்குவதில்லை. வேர் எந்தக் கல்லைச் சுற்றியிருக்கிறது என்று மேலிருந்து தெரியாது. அடியில் வெட்டி, வெட்டுமுகத்தில் மருந்து தடவுகிறோம். விஷ ஐவி, காட்டுப் பார்ஸ்னிப், உண்ணி மூன்றையும் பற்றி முன்பே சொல்லி, முழுக்கைச் சட்டையோடு வரச் சொல்கிறோம். காப்பீட்டையும் ஒப்புகைப் படிவத்தையும் கவுண்டி வழியாக ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

முன்னோடிகள் என்ற சொல் எனக்கு எளிதாக வாயில் வருவதில்லை. இந்த நிலத்தில் அவர்களுக்கு முன்பே மக்கள் இருந்தார்கள். 1832இன் பிளாக் ஹாக் ஒப்பந்தத்தில் சாக், மெஸ்குவாக்கி மக்களிடமிருந்து பெறப்பட்ட நிலம் இது. 1833 ஜூனில்தான் குடியேற்றத்துக்குத் திறக்கப்பட்டது. 1971ஆம் ஆண்டு, மாநிலத்தின் மேற்கோரம் கிளென்வுட் அருகே நெடுஞ்சாலைப் பணியின்போது பழைய கல்லறைகள் வெளிப்பட்டன. அங்கே கிடைத்த 26 வெள்ளையர்களின் எச்சங்களை மறுபடி அடக்கம் செய்தார்கள். ஒரு பூர்வகுடிப் பெண்ணின் எலும்புகளையும் அவள் குழந்தையின் எலும்புகளையும் மட்டும் ஆய்வுக்கு அனுப்பினார்கள். நெடுஞ்சாலைப் பணியில் இருந்த கணவர் வழியாக இதை அறிந்த யாங்க்டன் டகோட்டா இனத்தவரான மரியா பியர்சன், ஆளுநர் ராபர்ட் ரேயின் அலுவலகத்துக்கே சென்று நீதி கேட்டார். அவர் தொடர்ந்து போராடியதன் விளைவாக 1976இல் ஐயோவா, பூர்வகுடிகளின் பழைய புதைவிடங்களையும் காக்கும் சட்டத்தை இயற்றியது. 1990இன் நாடுதழுவிய சட்டத்துக்கும் அது வழிகாட்டியது. புதிய தொண்டர்களுக்கு முதல் நாளிலேயே இந்தக் கதையைச் சொல்கிறேன். மேட்டில் கல்லில்லாமல் பள்ளம் மட்டும் தெரியும் இடங்களை நாங்கள் யாருடையது என்று ஊகிப்பதில்லை. எவருடையதாயினும் ஒரே மரியாதையோடு வரைபடத்தில் ஏற்றுகிறோம்.

கிழக்கு வேலியோரம் இரண்டு ஆள் உயரத்துக்கும் சற்றுக் குறைவான ஒரு தூண்கல், மூன்று அடுக்குகளாக, பீடம் ஒரு பக்கம் அமிழ்ந்ததால் சாய்ந்து நிற்கிறது. ஒவ்வொரு பருவத்திலும் புதிதாக வரும் யாராவது ஒருவர், இதை எப்போது நிமிர்த்தப் போகிறோம் என்று கேட்கிறார். முக்காலியும் சங்கிலிக் கப்பியும் கொண்டு அடுக்கடுக்காக இறக்கி, பீடத்தைச் சமன் செய்து, மறுபடி ஏற்ற வேண்டிய வேலை. அதைச் செய்து பழகியவர் எங்களில் இன்னும் ஒருவரும் இல்லை. அதுவரை ஆண்டுக்கு ஒரு முறை தூக்குநூல் விட்டு அதன் சாய்வை அளக்கிறோம். சென்ற மாதம் அளந்தபோது கடந்த ஆண்டைவிட 4 மில்லிமீட்டர் கூடியிருந்தது. அதைக் குறித்துக்கொண்டு, சாயும் பக்கத்தில் யாரும் நிற்காதபடி மஞ்சள் நாடாவைப் புதிதாகக் கட்டிவிட்டு, வாளிகளை வண்டியில் ஏற்றினோம்.